தங்கவயலும் தஞ்சமும்

வீடு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. குடியிருக்கும் மனை என்பது ஒன்று. விடுதலை என்பது மற்றொன்று. கணவன் அடிக்கு அஞ்சி, நள்ளிரவில் கைக்குழந்தையோடு வாசலில் நிற்கும் பெண்ணுக்கு இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையாகிவிடுகின்றன. விடுதலை வேண்டுமானால் மனையை இழக்கவேண்டும். மனை வேண்டுமானால் அடியைப் பொறுக்கவேண்டும். இந்த இக்கட்டு எப்படி நேர்ந்தது, எப்படிச் சிறிது சிறிதாக அவிழ்ந்தது என்பதைத் தமிழர் பெருந்திரளாகக் குடியேறிய கோலார்த் தங்கவயலை முன்வைத்துக் காண்போம்.

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே தொழில் தொடங்கினர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ் மக்கள் குடும்பம் குடும்பமாகச் சென்றனர். சுரங்கங்களைச் சுற்றிக் கம்பெனியார் வரிசை வரிசையாகக் குடில்கள் எழுப்பினர். 'லைன்' என்று பெயர் பெற்ற அவற்றிற்கு மூங்கில் தட்டியே சுவர். ஒரு குடிலின் அழுகை அடுத்த குடிலுக்குக் கேளாமற் போக வழியில்லை. ஓடி வந்து தடுக்கவும் அண்டை அயலார் இருந்திருப்பர். ஆயினும் அவர்களுக்கும் இருந்தது ஒரே அறை. ஓர் இரவு இடம் தரலாம். மறுநாள் அவள் எங்கே போவாள்?

இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய செய்தி இருக்கிறது. அந்தக் குடில் குடும்பத்தின் சொத்தன்று, வேலையோடு ஒட்டியது. சுரங்கத்துள் இறங்கும் வேலையோ ஆண்களுடையது. பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதை 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும் தடுத்தது. ஆகவே, வேலை அவனுடையது, வீடும் அவனுடையது என்றாயிற்று. மைசூர் சமஸ்தானம் 1933ஆம் ஆண்டிலேயே இந்துப் பெண்களுக்குக் குடும்பச் சொத்தில் உரிமை தரும் சட்டம் இயற்றியது. அது மெச்சத் தக்க முயற்சியே. ஆனால் லைனில் வாழ்ந்தவளுக்குப் பங்கு கேட்கச் சொத்து ஏது?

எஞ்சிய வழி, ரயிலேறிப் பிறந்த வீடு செல்வது. அங்கும் இடமில்லாதவர்க்கு அறநிலையங்களே கதி. சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி 1912இல் இளம் விதவையருக்கு இல்லம் அமைத்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் அவ்வை இல்லம் கண்டார். இவை ஆதரவற்றோரைக் கருதி எழுந்தவை. கணவன் உயிரோடிருந்தும் கதியற்றவளை 'ஆதரவற்றவள்' என்று ஏற்க உலகம் தயங்கியது. லண்டன் மாநகரில் இத்தகைய பெண்களுக்கென்றே பெயர்பெற்ற புகலிடம் ஒன்று திறந்ததே 1971இல்தான்.

நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் சட்டம், கொடுமைக்கு உள்ளான இந்து மனைவி பிரிந்து வாழ்ந்தாலும் ஜீவனாம்சம் பெறலாம் என்றது. அதில் உறைவிடச் செலவும் அடங்கும். 1969இல் குறுகிய காலத் தங்கும் இல்லங்களும், 2001-02இல் சுவாதார் இல்லங்களும் வந்தன. 2022 முதல் இத்தகைய இல்லங்கள் சக்தி சதன் என்ற பெயரில் இயங்குகின்றன. 2015 முதல் அமைந்துவரும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் சில நாள் தங்க இடமும், மருத்துவமும், சட்ட உதவியும் அளிக்கின்றன.

இவை யாவும், வெளியேறியவள் எங்கே போவாள் என்ற வினாவுக்கு விடைகள். அவள் ஏன் வெளியேற வேண்டும் என்ற வினாவை எழுப்பியது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். 2006 அக்டோபர் 26ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. வீடு யார் பெயரில் இருந்தாலும், வாடகை வீடேயானாலும், தான் சேர்ந்து வாழ்ந்த இல்லத்தில் வசிக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்கிறது அது. அடிப்பவனை வெளியேறுமாறு நீதிபதி ஆணையிடலாம். அல்லது அவளுக்கு வேறு வீடு பார்த்துத் தரவோ, வாடகை செலுத்தவோ ஆணையிடலாம். கணவனின் உறவினர்க்குச் சொந்தமான வீடாயினும் இவ்வுரிமை செல்லும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. வீட்டைத் தாங்கி நின்ற அந்த வேலையும் மறைந்தது. தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு அன்றாடம் ரயிலேறி வேலைக்குப் போவோரில் இன்று பெண்களும் உண்டு. ஊதியம் அவள் கைக்கு வந்தது. உரிமை ஏட்டில் ஏறியது. ஆயினும் ஏட்டிலுள்ள உரிமை, கேட்பவளுக்கே பயன்படும்.

ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் நம்மவர் ஒன்றை நினைவிற் கொள்ளல் நலம். மணம் நடந்த ஊருக்குத் திரும்பித்தான் வழக்குத் தொடரவேண்டும் என்பதில்லை. அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம். 181 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வழக்கறிஞர் உதவி இலவசம்.

தட்டிச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்ட அழுகை, இன்று செங்கற் சுவருக்கு அப்பாலிருந்தும் கேட்கிறது. கதவைத் திறந்து ஓர் இரவு இடம் தருவது அண்டை அயலாரின் கடமை. மறுநாட் காலையில், அவளுக்கு உரிமை உண்டு என்று எடுத்துச் சொல்லி உடன் செல்வதும் அக்கடமையின் பகுதியே. அப்பொழுதுதான் வீடு என்னும் சொல்லின் இரு பொருளும் அவள் வாழ்வில் ஒன்றுபடும்.