தூள் பொட்டலமும் ராமனின் ஒளியும்

லிந்துலையில் ஒரு லயத்து வாசலில் அந்த அம்மா கேட்டார்: "தம்பி, தூளப் பாத்தவொடனே அது என்னான்னு சொல்ற மெசின் இல்லையா?" மகன் சிறு பொட்டலத்தோடு பிடிபட்டு விளக்கமறியலில் இருக்கிறான். பகுப்பாய்வு அறிக்கை வரவில்லை. இருக்கிறது என்றேன். அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பிறகுதான் தேடிப் படித்தேன்.

1928 பெப்ரவரியில் கல்கத்தாவில், திருச்சியில் பிறந்த சி.வி. ராமனும் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனும் (இவர் பெயரை நாம் மறந்தே விட்டோம்) சிதறும் ஒளியில் மிகச்சிறு பங்கு நிறம் மாறி வருவதைக் கண்டார்கள். அந்த மாற்றம் மூலக்கூறின் அதிர்வைப் பொறுத்தது. ஹெரோயினுக்கு ஒரு கோலம், பரசிட்டமோலுக்கு வேறு கோலம்.

ஆனால் ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகள்களில் ஒன்றுதான் இப்படி மாறும். தூள் கண்ணுக்குத் தெரியுமளவு இருந்தால் போதும். எச்சிலில் கரைந்த சுவடு என்றால் ஒன்றும் தெரியாது. 1974இல் இங்கிலாந்தின் சவுதாம்டனில், சொரசொரப்பான வெள்ளி மின்வாயில் ஒட்டிய பிரிடீன் எதிர்பாராத வலுவோடு சமிக்ஞை தந்தது. வெள்ளி நுண்துகள்களின் இடுக்குகளில் ஒளி குவிந்து, சமிக்ஞை பத்து இலட்சம் மடங்கும் அதற்கு மேலும் பெருகும் என்பது பின்னர் விளங்கியது.

இப்போது அந்த வெள்ளித் துகள்களைக் கிரபீன் போன்ற அடுக்குப் பொருட்களின் மேல் பதிக்கிறார்கள். கிரபீன் என்பது பென்சிற்கரியின் ஒற்றை ஏடு. நம் நாட்டில் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் தோண்டுகிறோமே, அதே கரிதான். வளைய அமைப்புள்ள போதைப்பொருள் மூலக்கூறுகள் அந்தத் தட்டையான ஏட்டில் படிந்து ஒட்டிக்கொள்ளும். தெருத் தூளில் பெரும் தொந்தரவான ஒளிர்வையும் ஏடு அடக்கிவிடும்.

குறைகளும் உண்டு. எச்சிலின் புரதங்கள் வெள்ளியை முந்திக்கொண்டு மூடிவிடும். வெள்ளி காற்றில் கறுக்கும். ஒரு தகடு காட்டுவதை அடுத்த தகடு அப்படியே காட்டாது. அதனால் "இருக்கிறது" என்பது இலகு, "எவ்வளவு" என்பது கடினம். நம் சட்டத்திலோ எவ்வளவு என்பதில்தான் உயிரே தொங்குகிறது: 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 கிராம் ஹெரோயினுக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை.

இன்னொன்று. புழக்கத்திலுள்ள நாணயத்தாள்களிலேயே போதைப்பொருள் சுவடு இருப்பதை வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சோதனைச்சாவடியில் பையைக் கொட்டிக் காட்டிப் பழகியவர்களுக்கு, கடையில் வாங்கிய மிச்சக்காசும் சாட்சி சொல்லக்கூடும் என்றால் என்னவென்று புரியும்.

அந்த அம்மாவிடம் இரண்டு கேள்விகளை எழுதிக் கொடுத்தேன், வழக்கறிஞரிடம் கேட்க: செய்தது களச் சோதனையா, ஆய்வகப் பகுப்பாய்வா? சொன்ன எடை முழுத் தூளினதா, அதிலுள்ள தூய போதைப்பொருளினதா?