தேயிலை விலை இறங்கிய வரலாறு



ஒரு பண்டத்தின் விலை குறைந்தால் வாங்குவோர் மகிழ்கின்றனர். அவ்விலை எவ்வாறு குறைந்தது, யாருடைய பங்கிலிருந்து குறைந்தது என்று கேட்போர் சிலரே. ஹட்டனையும் நுவரெலியாவையும் சூழ்ந்த மலைகளில் வாழ்வோருக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. நம் மலைகளில் விளையும் தேயிலையின் வரலாற்றிலேயே அதற்கு விடை இருக்கின்றது.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அந்நாளில் மலைநாட்டை ஆண்ட பயிர் கோப்பி. டெயிலரின் பங்களா விறாந்தையே அவருக்குத் தொழிற்சாலை ஆயிற்று. வாடிய கொழுந்தைத் தொழிலாளர் மேசைமேல் இட்டுக் கைகளால் உருட்டினர். மண் அடுப்பில் கரி நெருப்பின்மேல் உலர்த்தினர். 1873இல் இலண்டனுக்குச் சென்ற இலங்கைத் தேயிலை வெறும் 23 இறாத்தல். சீனத்திலும் இது கைத்தொழிலே. பன்னெடுங்காலம் பழகிய சீனக் குடியானவரோடு கைவேலையிற் போட்டியிட்டு விலையில் வெல்லுதல் எளிதன்று.

அந்த நிலையை மாற்றியது இயந்திரம். டெயிலரே 1872ஆம் ஆண்டளவில் கொழுந்து உருட்டும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் அசாமில் வில்லியம் ஜாக்சன் தம் உருட்டு இயந்திரத்தை உருவாக்கினார். 1877இல் சாமுவேல் டேவிட்சன் வெப்பக் காற்றினால் இலையை உலர்த்தும் ‘சிரோக்கோ’ இயந்திரத்தை வகுத்தார். ஓர் இறாத்தல் தேயிலைக்கு 1872இல் 11 பென்ஸ் ஆன உற்பத்திச் செலவு, ஜாக்சனின் இயந்திரங்களால் 1913 அளவில் 3 பென்சுக்குள் அடங்கியது என்று தேயிலை வரலாறு எழுதியோர் கூறுவர்.

வேறு இரண்டு காரணங்களும் துணை நின்றன. முதலாவது, போக்குவரத்து. மாட்டுவண்டிகள் ஏறி இறங்கிய மலைப்பாதைக்கு மாற்றாகப் புகையிரதம் 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. இரண்டாவது, உற்பத்தியின் பெருக்கம். 1869இல் தோன்றிய இலைநோயினால் கோப்பி அழிய, அந்நிலங்கள் தேயிலைக்கு மாறின. 1880இல் 81 டன்னாக இருந்த உற்பத்தி 1890இல் 22,900 டன் ஆயிற்று. கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் இட்ட முதல் ஆயிரம் இறாத்தலிற் பங்கிடப்படும்போது பெருஞ்சுமை. பல இலட்சம் இறாத்தலிற் பங்கிடப்படும்போது சிறுசுமை.

இவ்வாறு செலவு குறைந்திருந்த வேளையிலேதான், கிளாஸ்கோ நகரின் பலசரக்கு வணிகர் தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்தார். அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகரை விலக்கி, ஏறத்தாழ 3 சிலிங் விற்ற ஓர் இறாத்தல் தேயிலையைத் தம் கடைகளில் 1 சிலிங் 7 பென்சுக்கு விற்றார். அதே ஆண்டில் பிரித்தானிய அரசும் தேயிலைத் தீர்வையை 6 பென்சிலிருந்து 4 பென்சாகக் குறைத்தது. ஆலைத் தொழிலாளி பருகிய தேநீர் மேலும் மலிவாயிற்று.

இது விலைக்குறைப்பின் நல்ல முகம். செலவு முதலில் இறங்கியது. விலை பின்னர் இறங்கியது. இக்காலப் பிள்ளைகள் விரும்பும் வீடியோ விளையாட்டுக் கருவிகளிலும் இந்நெறியைக் காணலாம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 299 டொலருக்கு வந்த ‘பிளேஸ்டேஷன் 2’, 2002இல் 199 டொலருக்கு இறங்கியது. போட்டியும் அதற்குக் காரணமே. எனினும் உள்ளிருக்கும் மின்னணு உறுப்புகளைச் செய்யும் செலவு காலப்போக்கிற் குறையாவிடின் அத்தகைய விலைக்குறைப்பு நெடுநாள் நில்லாது.

ஆனால் தேயிலைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஓர் இறாத்தல் தேயிலைக்கு ஏறத்தாழ நாலரை இறாத்தல் பச்சைக் கொழுந்து வேண்டும். ஸ்டோருக்குள் இயந்திரம் புகுந்தது. கொழுந்து மலையில் அது புகவில்லை. செங்குத்தான சரிவில், மூடுபனியில், இரண்டிலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளும் வேலை பெண்களின் விரல்களிடமே நின்றுவிட்டது. ஆகவே இயந்திரத்தாற் குறைக்கத்தக்க செலவெல்லாம் குறைந்தபின், கணக்கேட்டில் எஞ்சிய பெருந்தொகை கூலியே.

அதன் விளைவு 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தின்போது வெளிப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி, 1929இல் மலைநாட்டின் உயர்பகுதித் தோட்டங்களில் நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என வகுக்கப்பட்டிருந்தது. தேயிலை விலை வீழ்ந்ததும் அச்சிறு கூலியும் வெட்டப்பட்டது. கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் அமைத்துப் போராடிய காலம் அது. 1933இல் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியா ஆகியவை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த உடன்பட்ட பின்னரே விலை நிமிரத் தொடங்கியது.

இங்கே முறை தலைகீழாயிற்று. விலை முதலில் இறங்கியது. செலவை அதன் பின்னே இழுத்து இறக்கினர். முன்னதில் இயந்திரம் சுமையைத் தாங்கியது. பின்னதில் மனிதர் தாங்கினர். இயந்திரம் செய்யவியலாத வேலையைச் செய்த பெண்ணுக்கே குறைந்த கூலி என்பதையும் நோக்குக. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி என்னும் நிலை 1984ஆம் ஆண்டிலேதான் வந்தது.

பள்ளிக்கூடங்களில் கொள்விலை, விற்றவிலை, இலாபம் என்று பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பிக்கிறோம். உற்பத்திச் செலவு என்னும் ஒரே தலைப்பின்கீழ் விறகும் கூலியும் அடுத்தடுத்த வரிகளாக நிற்கின்றன. கூட்டும்போது இரண்டும் எண்களே. எனினும், விறகுச் செலவைக் குறைத்தால் சிக்கனம்; கூலியைக் குறைத்தால் ஒரு லயத்து வீட்டில் அடுப்பு எரிவது குறையும். விலை குறைந்தது என்று கேள்விப்படும்போதெல்லாம், எந்த வரி குறைந்தது என்றும் கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக. கொழுந்துக் கூடை சுமந்தோரின் மக்களுக்கு அது மிகவும் வேண்டிய கணக்கு.