எஃப்டிபி விட்டுப்போன எண்கள்

சென்னையில் வலைத்தளப் பராமரிப்பு வேலையில் நான் சேர்ந்த காலத்தில், "எஃப்டிபி பண்ணியாச்சா?" என்பதுதான் அலுவலகத்தில் ஓயாத கேள்வி. எஃப்டிபி என்பது ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பை அனுப்பும் முறை. டயல்-அப் மோடத்தில் ஒரு படம் ஏறுவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். வந்ததும் லாகில் 226 இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் கோப்பு முழுதாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. 530 என்றால் சர்வர் உள்ளேயே விடவில்லை.

எஃப்டிபியைத் தொடங்கிவைத்தவர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியில் முதல் அணியில் படித்தவர். 1971 ஏப்ரலில், எம்ஐடியில் இருந்தபோது, ஆர்எஃப்சி 114 என்ற குறிப்பை எழுதினார். இணையத்தின் முன்னோடியான அன்றைய ஆர்ப்பாநெட்டில் இருந்த கணினிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. பிடிபி-10 கணினி 36 பிட்டுகளை ஒரு கட்டாக வைக்கும். ஐபிஎம் 360-இல் அது 32. எழுத்துகளுக்கு ஒன்றில் ஆஸ்கி, மற்றதில் எப்சிடிக். எதிர்முனையில் என்ன இயந்திரம் என்ற கவலையில்லாமல் கோப்பு போய்ச்சேர ஒரு பொது ஒப்பந்தம் தேவைப்பட்டது.

எழுத்துக்கு ஆஸ்கி முறை, மற்றவற்றுக்கு பைனரி முறை என்று பிரித்ததும் அதனால்தான். விண்டோஸிலிருந்து யுனிக்ஸ் சர்வருக்கு ஒரு படத்தை ஆஸ்கி முறையில் ஏற்றினால், வரிமுடிவுக் குறி என்று நினைத்து நடுவில் சில பைட்டுகளை அது தின்றுவிடும். படம் திறக்காது.

எஃப்டிபிக்கு இரண்டு இணைப்புகள். கட்டளைகள் 21-ஆம் போர்ட்டில் போகும். கோப்புக்குத் தனி இணைப்பு. பழைய முறையில் அந்த இரண்டாவது இணைப்பை சர்வரே நம் கணினியை நோக்கித் திறக்கும். ஃபயர்வால்கள் வந்தபின் அது நடக்கவில்லை. இரண்டு இணைப்புகளையும் நம் கணினியே திறக்கும் 'பேஸிவ்' முறைக்கு மாறினோம். பெயர் கேட்கும் இடத்தில் 'அனானிமஸ்' என்று அடித்தாலே திறந்துவிடும் பொதுக் கிடங்குகளும் உலகெங்கும் இருந்தன. எஃப்டிபி ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்களின் வலையில் பிறந்தது அல்லவா? கடவுச்சொல்லைக்கூட மறைக்காமல் அப்படியே அனுப்பும். இணையம் ஊர்ப்பொதுவானபோது அதுவே வினையாயிற்று. 2021-இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் எஃப்டிபியைக் கைவிட்டன. இப்போது நாங்கள் புழங்கும் எஸ்எஃப்டிபி, பெயரில் ஒத்திருந்தாலும், வேறு அடித்தளத்தில் கட்டியது.

ஆனால் 226, 530 போன்ற அந்தப் பதில் எண்கள் போகவில்லை. 1970களில் மின்னஞ்சலும் எஃப்டிபி கட்டளையாகவே போய்வந்தது. 1982-இல் எஸ்எம்டிபி எனத் தனிக்குடித்தனம் போனபோது மூன்று இலக்கப் பதில்களையும் கொண்டுபோனது. அதனால் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இன்றும் சொல்கிறேன்: திரும்பிவந்த மெயிலில் எண் 4-இல் தொடங்கினால் பொறுத்து மறுபடி அனுப்பு, 5-இல் தொடங்கினால் முதலில் முகவரியைச் சரிபார்.