பாலத்துக்கு இந்தப் பக்கம்: 1995உம் அம்மம்மாவின் குசினியும்

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் வெறிச்சோடியது. அந்த மாதம் 17ஆம் திகதி 'ரிவிரெச' இராணுவ நடவடிக்கை தொடங்கியிருந்தது. வெளியேறச் சொல்லிப் புலிகள் அறிவித்த பிறகு லட்சக்கணக்கான சனம் மழைக்குள்ளால் செம்மணி வழியாக நடந்து, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குள் வந்தது. இந்த இடப்பெயர்வைப் பற்றிக் கதை, கவிதை, கட்டுரை என்று நிறைய வாசித்திருக்கிறோம். பெரும்பாலும் அவை நடந்தவர்களின் கதை. பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றவர்களின் கதை குறைவு. வந்த சனத்துக்கு அடுத்தநாள் காலமை உலை வைச்சது ஆர்?

மீசாலையில் இருந்த என்ர அம்மம்மா அவர்களில் ஒருத்தி. மூன்று அறை, ஒரு கிணறு, ஒரு மலசலகூடம். அந்த வீட்டில் ஏழு குடும்பம், 34 பேர் இருந்ததாக அம்மா கணக்குச் சொல்லுவா. தெரிந்த சொந்தம் இரண்டு குடும்பம்தான். மிச்சப்பேர் படலையில் வந்து நின்றவை. அந்தக்காலத்து யாழ்ப்பாண வீடுகளில், வழிப்போக்கர் ஒதுங்கி இருக்கவும் தண்ணி குடிக்கவும் கூரை போட்ட சங்கடப்படலை இருந்தது. ஆனால் ஒரு செம்பு தண்ணி குடுக்கிறதும் 34 பேருக்கு மாதக்கணக்காய்ச் சமைக்கிறதும் ஒன்றில்லை.

அது பொருளாதாரத் தடைக்காலம். மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாமே தட்டுப்பாடு. வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு. அம்மம்மா விடிய நாலு மணிக்கு அடுப்பு மூட்டினால் இரவு பத்து மணிக்குத்தான் சாம்பல் அள்ளுவா. நிவாரண அரிசி காணாத நாட்களில் மரவள்ளிக்கிழங்கு அவியும். இல்லாட்டி ஒடியல் கூழ். வளவுத் தேங்காய் விற்கிறதை நிற்பாட்டினா. கடைசியாய்ச் சாப்பிடுறது எப்பவும் அவதான். அடிச்சட்டியில் இருந்தால் உண்டு.

இதை 'யாழ்ப்பாணத்து விருந்தோம்பல்' என்று பெருமைப்பட்டு முடிக்க ஏலாது. எங்கட ஊர்களில் விருந்தோம்பலுக்குச் சாதி எல்லை இருந்தது. ஆர் கிணற்றில் அள்ளலாம், ஆர் வாசலோடு நிற்கவேணும், ஆருக்குச் சிரட்டையில் தேத்தண்ணி என்பதெல்லாம் எழுதாத சட்டம். 'எவடம்?' என்று ஊரைக் கேட்கிற கேள்விக்குள் சாதியைக் கேட்கிற கேள்வியும் இருந்தது. அந்த நவம்பரில் சொந்தக்காரர் ஒருவர் கிணற்றடியில் நின்ற ஒரு குடும்பத்தைப் பற்றி இதையே கேட்க, அம்மம்மா "மழையில நனைஞ்சு வந்த சனத்திட்ட ஊர் கேக்கிறதோ?" என்று வாளியை அவையளிட்டயே குடுத்தாவாம்.

சனம் திரும்பிப் போன பிறகு பழைய வழக்கம் கொஞ்சம் கொஞ்சமாய் அந்தக் கிணற்றடிக்கும் வந்தது என்றும் அம்மா சொல்லுவா. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லவேணும். அந்த எல்லை மாற்றேலாத ஒன்றில்லை என்பதை ஆறு மாதம் காட்டியது. அதைத் தொடர்ந்து மாற்றி வைக்க ஒருத்தியின் நல்ல மனசு மட்டும் காணாது என்பதை அதுக்குப் பிறகு வந்த காலம் காட்டியது.

1996 ஏப்ரலில் தென்மராட்சி இராணுவத்திடம் போனது. சனம் பெருமளவில் வலிகாமத்துக்குத் திரும்பியது. 2000இல் சாவகச்சேரிப் பக்கம் சண்டை வந்தபோது, இடம் குடுத்த தென்மராட்சியே இடம்பெயர்ந்தது. அம்மம்மா குடும்பத்துக்கு அப்ப கோண்டாவிலில் ஒரு அறை குடுத்தது, 95இல் அவவின் விறாந்தையில் படுத்திருந்த ஒரு குடும்பம்.

இடம்பெயர்ந்தோர் எண்ணிக்கை அறிக்கைகளில் இருக்கிறது. அவர்களுக்குச் சோறு போட்ட வீடுகளின் பட்டியலை நான் எங்கேயும் காணவில்லை. அந்த வேலையைச் செய்தவர்கள் பெண்கள். வீட்டுவேலை என்பதால் அதை ஒருவரும் வரலாறாய் எண்ணவில்லை. அம்மம்மா இப்ப இல்லை. ஆனால் 95இல் குசினியில் நின்ற கனபேர் இன்னும் எங்கட வீடுகளில் இருக்கினம். எத்தனை பேருக்குச் சமைச்சியள், அரிசி எங்கால வந்தது, கிணற்றில ஆர் அள்ளினது என்று கேளுங்கள். சொல்லுறதைத் திகதியோடு எழுதி வையுங்கள்.