பணியிட ஓட்டுநர் பாதுகாப்புப் பயிற்சி

வேலை நிமித்தம் வாகனம் ஓட்டும் பணியாளருக்கு, உரிமம் பெற்ற பிறகும் நிறுவனம் அளிக்கும் விபத்துத் தடுப்புப் பயிற்சி. தொழிலகப் பாதுகாப்பின் ஒரு பிரிவு. புதியவருக்கான அறிமுகம், மறுபயிற்சி, விபத்துக்குப் பிந்தைய பயிற்சி என வகைப்படும். வகுப்பறைப் பாடத்தோடு, பயிற்றுநர் அருகில் அமர்ந்து ஓட்டும் முறையைக் கவனிப்பதும் உண்டு. பழக்கப் பிழைகள் வெளிப்படுவது பெரும்பாலும் இதில்தான். பணிநேரத்தைச் சீராக்காமல் பயிற்சி மட்டும் அளிப்பது சோர்வால் நேரும் விபத்துக்குத் தீர்வாகாது.

அமெரிக்காவில் ஹரால்டு ஸ்மித் 1952இல் தொடங்கிய நிறுவனம் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு ஆணை, லாரி, பேருந்து ஓட்டுநர்களுக்கு 5 ஆண்டுக்கு 35 மணிநேரத் தொடர்பயிற்சியைக் கட்டாயமாக்கியது.

இந்தியாவில் அபாயகரச் சரக்கு வாகன ஓட்டுநர்களுக்கு, மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 9ஆம் விதி 3 நாள் பயிற்சியை வகுத்துள்ளது. புறப்படுமுன் வண்டியைச் சுற்றிவந்து சோதித்தல், தற்காப்பு ஓட்டுமுறை, டேங்கரில் ஒட்டிய அவசரத் தகவல் பலகையைப் படித்தறிதல் ஆகியவை அதன் பாடங்கள். ஓட்டுநர் பயிற்சி பெற்றிருப்பதை உறுதிசெய்வது வாகன உரிமையாளரின் பொறுப்பு. அபாயகரச் சரக்கு வாகனம் ஓட்டும் உரிமத்தின் ஓராண்டுச் செல்லுபடிக் காலம் 2019 மோட்டார் வாகனச் சட்டத்திருத்தத்தால் 3 ஆண்டாயிற்று. புதுப்பித்தல் மத்திய அரசு வகுக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டது.