கொயினா: பட்டை ஊசியான கதை

மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுத்த கடுங்கசப்பு மருந்தை நம் பாட்டன்மார் கொயினா என்றார்கள். தூளும் கொயினா, மாத்திரையும் கொயினா, நினைவு தப்பிக் கிடந்தவருக்குப் போட்டதும் கொயினா ஊசி. ஒரே பெயர் இத்தனை உருவங்களுக்கு எப்படி வந்தது என்று தேடிப் போனால், மூலிகை மருந்தை எதை வைத்து நம்புவது என்ற கேள்வியில் வந்து நிற்கிறோம்.

பெயரின் வேர் தென் அமெரிக்காவில் இருக்கிறது. ஆந்தீஸ் மலைமக்களின் கெச்சுவா மொழியில் 'கினா' என்றால் பட்டை. 'கினா-கினா' என்று இரட்டித்தால் பட்டைகளுள் சிறந்த பட்டை. ஆனால் அந்தப் பெயர் முதலில் சுட்டியது மணமுள்ள பிசின் தரும் பெரு பால்சம் மரத்தை என்பது ஆய்வாளர் கருத்து. குளிர்காய்ச்சலைத் தணிக்கும் இன்னொரு மரத்தின் பட்டைக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியபோது, இரண்டும் சந்தையில் ஒன்றோடொன்று குழம்பின. மருந்து மரத்துக்குப் பெயர் கைமாறியது. அந்தச் சொல்லிலிருந்தே குயினைன் பிறந்தது. சொல்லின் முதலில் 'க்வ' வருவது தமிழ் வாய்க்கு ஒவ்வாது. நம்மவர் அதைக் கொயினாவாக நெகிழ்த்திக்கொண்டார்கள்.

சிங்கோனா என்ற மற்றப் பெயரும் தவறான கதையில் பிறந்தது. பெருவை ஆண்ட ஸ்பானியப் பிரபுவின் மனைவி, சின்சோன் சீமாட்டி, இந்தப் பட்டையால் பிழைத்தார் என்ற கதையை நம்பி லின்னேயஸ் 1742இல் மரத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார். எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்தையும் தவறவிட்டார். அந்தச் சீமாட்டி குணமான கதைக்கு ஆதாரமே இல்லை என்று 1941இல் ஹாகிஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். அதற்குள் மரம் உலகைச் சுற்றி வந்துவிட்டது.

இலங்கைக்கு அது 1861இல் ஹக்கலைத் தோட்டம் வழியாக வந்தது. முதலில் தோட்டத் துரைமார் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1869இல் பதுளை மாவட்டத்து மடுல்சீமையில் கோப்பி இலைகளில் துருநோய் கண்ட பிறகுதான் மலைநாடு மாற்றுப் பயிர் தேடி ஓடியது. கோப்பிச் செடிகளுக்கு ஊடே சிங்கோனா எழுந்தது. 1880களின் நடுவில் இலங்கையிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை கப்பலேறியது. சந்தை நிரம்பி விலை சரிந்தது. ஜாவாவில் டச்சுக்காரர் வளர்த்த வகையில் குயினைன் பல மடங்கு இருந்ததால், இங்கிருந்த மரங்கள் போட்டியில் நிற்க முடியவில்லை. அந்த நிலத்தைத் தேயிலை பிடித்தது. இலங்கைச் சரக்குக்கும் ஜாவாச் சரக்குக்கும் பெயர் சிங்கோனாப் பட்டைதான். உள்ளே இருந்த மருந்தின் அளவுதான் வேறு.

அளந்து பார்த்தவர்களும் இருந்தார்கள். பாரிஸில் பெல்த்தியே, காவந்து இருவரும் 1820இல் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். பட்டையில் அதற்கு மூன்று உறவுகளும் உண்டு: குயினிடின், சிங்கோனின், சிங்கோனிடின். 1866 முதல் 1868 வரை சென்னை மாகாணத்தில் நான்கையும் மலேரியா நோயாளருக்குக் கொடுத்து ஒப்பிட்டார்கள். 2472 பேரில் 27 பேருக்கே மருந்து பலிக்கவில்லை. ஆயிரத்துக்குக் குயினைன் 7 பேரிடமும், சிங்கோனின் 23 பேரிடமும் தோற்றது. ஒரே பட்டையில் பிறந்த சரக்குகளுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு.

ஊசி என்ற சொல் இதைவிடக் கூடுதலாக மறைக்கிறது. தையல் கருவியின் பெயர் மருந்துக்கே ஆகிவிட்டது. 'ஊசி போட்டார்கள்' என்று சொல்வதோடு பேச்சு முடிகிறது. உள்ளே போனது என்ன என்பது தெரிவதில்லை. வாயால் விழுங்கும் கஷாயத்தைக் குடலும் ஈரலும் சலித்துத்தான் இரத்தத்துக்கு அனுப்புகின்றன. ஊசிக்கு அந்தக் காவல் கிடையாது. குயினைன் ஊசியே இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தியது. சதையில் போட்ட இடத்தில் சீழ்க்கட்டிகளை உண்டாக்கியது.

சீனாவின் அனுபவம் இதற்கு நேர்ச் சாட்சி. போர்க்காலத்தில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, 1941இல் தாய்ஹாங் மலைப் படைமுகாமில் காய்ச்சலுக்கான சாய்ஹு மூலிகையை ஊசிமருந்தாக்கினார்கள். அதன்பின் நூற்றுக்கு மேற்பட்ட மூலிகை ஊசிகள் வந்தன. பலவற்றில் என்னென்ன சேர்மங்கள் உள்ளன என்பதுகூட முழுமையாகப் பிரித்தறியப்படவில்லை. கடும் ஒவ்வாமைகள் பதிவானதால் 2006இல் யூசிங்சாவ் என்ற மூலிகையின் ஊசிகளின் பயன்பாடு நிறுத்திவைக்கப்பட்டது. சாய்ஹு ஊசியைச் சிறுவர்க்குப் போடக் கூடாதென்று 2018இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அறிவித்தது. நூற்றாண்டுகளாகக் கஷாயமாகக் குடித்த மூலிகைதான். குடித்த அனுபவம் குத்துவதற்குச் சான்றாகாது.

அதே சீனா வேறொரு வழியையும் காட்டியது. சிங்ஹாவ் என்ற பழம்பெயரைப் பின்பற்றி, சரியான செடி எது என்று தேர்ந்து, தூ யூயூ குழுவினர் 1972இல் ஆர்ட்டிமிசினினைத் தனியே பிரித்தார்கள். அதிலிருந்து உருவான ஆர்ட்டிசுனேட் ஊசியை ஆசியாவின் நான்கு நாடுகளில் 1461 கடும் மலேரியா நோயாளரிடம் குயினைனோடு ஒப்பிட்டார்கள். 2005இல் முடிவு வெளிவந்தது: குயினைன் பெற்றவர்களில் 22 சதவீதம் பேர் இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 சதவீதம். முன்னூறு ஆண்டுப் புகழுள்ள கொயினா கடும் மலேரியாவுக்கான முதல் மருந்து என்ற இடத்தை விட்டுக்கொடுத்தது. ஆனால் அதே செடியின் இலையைத் தேநீராகக் காய்ச்சிக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை. மருந்தின் அளவு அதில் நிலையாக இருப்பதில்லை.

இலங்கையின் ஊவா மாகாணத்துக் குளிர்ந்த உச்சிகளில் மலேரியா நிலைப்பது கடினம். மகியங்கனை, வெல்லவாயப் பக்கத்துத் தாழ்நிலம் அப்படியல்ல. 1934–35 கொள்ளைக்காய்ச்சலில் ஏறத்தாழ 80,000 உயிர்களை இழந்த இலங்கை, 2016இல் மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. நோய் போனாலும் மருந்துகள் புதுப் பெயர்களில் வந்துகொண்டுதான் இருக்கும். கொயினாவின் வரலாறு தரும் பாடம் எனக்கு ஐயமறத் தெரிகிறது: பட்டை தூளாகும்போதும் தூள் ஊசியாகும்போதும் பெயர் கூடவே போகும், சோதனை தானாகக் கூட வராது. தோட்ட லயத்தில் வாழும் தாய்க்கும் தன் பிள்ளைக்குப் போடும் ஊசியில் இருப்பது என்ன, எத்தனை பேரிடம் எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், யாருக்கு ஆகாது என்று கேட்கும் உரிமை உண்டு. அந்தக் கேள்விக்கு அவள் மொழியிலேயே பதில் சொல்வது மருந்து கொடுப்பவரின் கடமை.