உயரத்தைக் கேட்கும் கருவியும் கேட்காத போனும்

கேரவன் என்றால் நமக்குப் படப்பிடிப்புத் தளம்தான் ஞாபகம் வரும். நடிகர் உள்ளே இருப்பார், வெளியே ஒருவர் குடையோடு நிற்பார். வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றும் பழக்கம் இங்கே இன்னும் பெரிதாகப் பரவவில்லை. கேரள அரசு 2021-இல் இதற்கென்று ஒரு சுற்றுலாக் கொள்கையே அறிவித்தது. ஆனால் அந்தப் பெயர் இல்லாமல் அதே வேலையைச் செய்யும் வண்டிகள் காஞ்சிபுரத்துக்கு ரொம்ப காலமாக வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆந்திரத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் அதற்கு வடக்கேயிருந்தும் வரும் யாத்திரை பஸ்களைச் சொல்கிறேன். கூரையில் மூட்டை முடிச்சு, அடிப்பெட்டியில் அண்டாவும் அரிசியும் அடுப்பும், கூடவே ஒரு சமையல்காரர். திருப்பதியை முடித்துக்கொண்டு திருத்தணி, அரக்கோணம் வழியாக வந்து, வெள்ளை கேட்டில் பெங்களூர் நெடுஞ்சாலையைக் கடந்து ஊருக்குள் நுழைவார்கள். இங்கிருந்து ராமேசுவரம் வரை போக வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்ட வண்டிக்கு வழி சொல்ல இரண்டு வகை வழிகாட்டிகள் உண்டு. ஒன்று, எல்லார் சட்டைப் பையிலும் இருக்கும் கூகுள் மேப்ஸ். இன்னொன்று, கிளம்பும் முன்பே வண்டியின் உயரம், அகலம், நீளம், எடை எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளும் வகை. அமெரிக்காவில் கார்மின் நிறுவனம் ஆர்வி எனப்படும் வீட்டு வண்டிகளுக்கென்றே விற்கும் கருவிகள் இந்த இரண்டாம் இனம். அவற்றில் ஆர்வி 890 என்பதற்கு 8 அங்குலத் திரை. உள்ளே வருவது வட அமெரிக்க வரைபடம் என்பதால் நமக்கு அது நேரடியாகப் பயன்படாது. நம் ஊரில் அந்த வேலையைச் செய்யக்கூடியது ஓஸ்மஆண்ட் என்ற செயலி. பொதுமக்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அது பயன்படுத்துகிறது, வரைபடத்தை முன்னமே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும்.

உயரத்தை ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் டர்ஹம் நகரத்து ரயில் பாலம் ஒன்றே போதும். தரையிலிருந்து 11 அடி 8 அங்குலம்தான் இருந்தது. வாடகை லாரிகளும் ஆர்வி வண்டிகளும் அதில் மோதிக் கூரையை உரித்துக்கொண்ட காணொளிகள் உலகப் புகழ் பெற்றவை. 2019-இல் பாலத்தை 8 அங்குலம் உயர்த்தினார்கள், அதற்குப் பிறகும் மோதல் நிற்கவில்லை. இத்தனைக்கும் எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. வாடகைக்கு எடுத்தவருக்குத் தன் வண்டியின் உயரம் தெரியாது, அவ்வளவுதான். அந்த அறியாமையைக் காசாக்கிய பொருள்தான் ஆர்வி நேவிகேட்டர்.

காஞ்சிபுரத்தில் இந்தக் கேள்விக்கு என்ன மதிப்பு? உயரத்தைப் பொறுத்தவரை அதிகமில்லை. ஊருக்குள் செங்கல்பட்டு – அரக்கோணம் ரயில் பாதை போகிறது, மின்சாரப் பாதை. இப்படிப்பட்ட பாதைகளின் கேட்டுகளில் இருபுறமும் நிற்கும் உயரத் தடுப்பு சுமார் 4.67 மீட்டரில் இருக்கும். கூரையில் அளவோடு சாமான் கட்டிய பஸ் அதைத் தாராளமாகக் கடந்துவிடும். இங்கே இடிப்பது தாழ்வாகத் தொங்கும் கேபிள் ஒயரும், திருவிழாவுக்குப் போட்ட பந்தலும், அலங்கார வளைவும். எந்த வரைபடத்திலும் அவை இல்லை.

நீளமும் அகலமும் வேறு கதை. 12 மீட்டர் பஸ் ராஜ வீதிகளில் போய்விடலாம். அதிலிருந்து ஒரு சந்நிதித் தெருவுக்கோ பிள்ளையார்பாளையத்துச் சந்துக்கோ ஒடித்துத் திருப்புவது தனி வித்தை. கூகுளுக்கு இந்தப் பிரச்சினையே தெரியாது. கார், இருசக்கர வாகனம், நடை என்று அது கேட்கும் கேள்வியில் பஸ் ஓட்டுபவருக்கு இடமில்லை. டிரைவர் காரைத் தேர்ந்தெடுக்கிறார், கூகுள் அவரைக் காராகவே நடத்துகிறது. 2024 ஜூலையில் குறுகலான சாலைகளைத் தவிர்க்கும் வசதியை இந்தியாவின் எட்டு நகரங்களில் அறிமுகம் செய்தார்கள். சென்னையும் கோவையும் அந்தப் பட்டியலில் உண்டு, காஞ்சிபுரம் இல்லை. அதுவும் நான்கு சக்கர வண்டிக்குக் குறுகல் எது என்ற கணக்குத்தான், பஸ்ஸின் கணக்கு அல்ல.

அப்படியானால் அளவைக் கேட்கும் செயலி இதைத் தீர்த்துவிடுமா? இங்கேதான் விற்பனைப் பேச்சு சொல்லாத விஷயம் இருக்கிறது. நாம் கொடுக்கும் அளவை அது சாலையோடு ஒட்டிய குறிப்போடு ஒப்பிடுகிறது. இந்தப் பாலம் இவ்வளவு உயரம், இந்தத் தெரு இவ்வளவு அகலம் என்று யாராவது பதிந்திருந்தால்தான் ஒப்பீடு நடக்கும். குறிப்பு இல்லாத தெருவை அது தடையில்லாத தெருவாக எடுத்துக்கொள்ளும். ஐரோப்பாவில் தன்னார்வலர்கள் பாலம் பாலமாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். நம் சிறு நகரங்களில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே முழுசாக இல்லாதபோது அகலத்துக்கு எங்கே போவது? ஆக, 2.6 மீட்டர் அகலம் என்று பக்தியோடு பதிந்துவிட்டு நிம்மதியாக இருக்கும் டிரைவர், ஒன்றுமே பதியாதவரைவிட ஆபத்தில் இருக்கிறார் என்பேன். அவருக்குச் சந்தேகம் போய்விடுகிறது.

இருந்தாலும் ஓஸ்மஆண்டை நான் தள்ளிவிடவில்லை. அளவுப் பகுதியை விடுங்கள். அதில் இருக்கும் இன்னொரு வசதிதான் இந்த ஊருக்குத் தேவை. ஒரு குறிப்பிட்ட சாலையைத் தொட்டு 'இதில் போகாதே' என்று நிரந்தரமாக விலக்கி வைக்கலாம். கார்மின் கருவிகளிலும் இது உண்டு. கூகுளில் சுங்கச்சாவடியைத் தவிர், நெடுஞ்சாலையைத் தவிர் என்று மொத்தமாகத்தான் சொல்ல முடியும்; ஒரு தெருவை மட்டும் ஒதுக்க வழியில்லை. சுங்கம் மிச்சமாகட்டும் என்று அந்தப் பொத்தானைத் தட்டிவிட்டுக் கிராமச் சாலைகளில் அண்டா குலுங்கப் போகிற பஸ்களைப் பற்றி ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டால் சிரிப்பார்கள்.

எதை ஒதுக்குவது? கைலாசநாதர் கோயிலுக்கு வரைபடம் காட்டும் குறுக்குவழிகள் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தெருக்களுக்குள் புகுந்து போகக்கூடியவை. அங்கே காலை வேளையில் தெரு நீளத்துக்குப் பாவு விரித்துக் கட்டியிருப்பார்கள். பட்டு இழைகள் நெடுக இறுகி நிற்கும், பக்கத்தில் ஆட்கள் கோலும் தூரிகையுமாக வேலை செய்வார்கள். அது முடியும்வரை சைக்கிள்கூட ஒதுங்கித்தான் போகவேண்டும். அந்தச் சந்துகளை ஒதுக்கி வைப்பது பஸ்ஸுக்கும் நல்லது, பாவுக்கும் நல்லது.

நேரத்தைப் பொறுத்தவரை கூகுள் ஜெயிக்கிறது, அதுவும் பெரிய வித்தியாசத்தில். காந்தி ரோட்டில் முகூர்த்த நாளில் பட்டுக்கடைக் கார்கள் இரண்டு பக்கமும் நிற்கும்போது எந்த நிமிடத்தில் எங்கே அடைத்திருக்கிறது என்பதை ஊரில் உள்ள போன்களெல்லாம் சேர்ந்து கூகுளுக்குச் சொல்லிவிடுகின்றன. இறக்கி வைத்த வரைபடத்துக்கு முகூர்த்தமும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது. ஆனால் வைகாசியில் வரதராஜர் கருட சேவைக்குப் புறப்படும் காலைக்கு இரண்டுமே உதவாது. சாலையை அடைத்த பிறகு வண்டி நகராததைப் பார்த்துத்தான் கூகுளுக்குச் சேதி போகும். அதற்குள் பஸ் நடுவில் மாட்டியிருக்கும். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை வரதராஜர் கோயில் குளத்திலிருந்து அத்தி வரதர் வெளியே இருந்த 48 நாட்களில் வெளியூர் வண்டிகளை ஊர் எல்லையிலேயே நிறுத்தி, தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைத்து, அங்கிருந்து சிற்றுந்துகளில் ஆட்களை ஏற்றினார்கள். அந்த நாட்களில் வழிகாட்டி என்றால் தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர்தான். கோயில் பஞ்சாங்கத்தைக் கிளம்பும் முன் ஒருமுறை பார்ப்பதும் கருவியைச் சரிசெய்வதில் சேர்த்தி என்றே வைத்துக்கொள்ளலாம்.

சேருமிடத்தை எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலான வண்டிகள் கோட்டைவிடுகின்றன. ஏகாம்பரநாதர் கோயில் என்று எழுதினால் குறி கோயில் வளாகத்துக்குள் போய் உட்காரும். வரைபடம் அதற்கு மிக அருகிலுள்ள சாலைவரை பஸ்ஸைக் கொண்டுபோகும், அது மதிலை ஒட்டிய சந்தாகவும் இருக்கலாம். கோயிலைக் கொடுக்கக் கூடாது, வண்டி நிற்கும் இடத்தைக் கொடுக்க வேண்டும். இதில் இரண்டு கருவிகளும் சமம்: எதிலும் விரலை அழுத்திப் பிடித்துக் குறி வைத்துச் சேமிக்கலாம். போனில் வைத்த குறியை வாட்ஸ்அப்பில் அடுத்த பஸ்ஸுக்கு அனுப்ப முடிவது கூடுதல் லாபம். பட்டுக்கடைகளின் விஷயத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். ஒரே மாதிரிப் பெயரில் பல கடைகள் உண்டு, குறிகளைப் பெரும்பாலும் கடைக்காரர்களே போடுகிறார்கள். கூட்டுறவுச் சங்கத்தைத் தேடி வந்து பக்கத்துத் தனியார் கடையில் இறங்குவது இப்படித்தான்.

கார்மினின் ஆர்வி கருவி கேட்கும் இன்னொரு கேள்வியை நம் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை: வண்டியில் சமையல் எரிவாயு இருக்கிறதா? இருந்தால் தடை உள்ள சுரங்கப் பாதைகளைத் தவிர்க்கும். நம் யாத்திரை பஸ்ஸின் அடிப்பெட்டியில் இருப்பது அதே சிலிண்டர்தான். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தில் லக்னோவிலிருந்து வந்த சுற்றுலாப் பெட்டி, விதியை மீறி ஏற்றிய சிலிண்டரால் எரிந்து 9 பேர் இறந்தார்கள். வரைபடம் இதைத் தடுத்திருக்காது. ஆனாலும் ஒரு கருவி அந்தக் கேள்வியைத் திரையில் நிறுத்துவதை நான் விரும்புகிறேன்.

எனக்குக் கேட்டால், தனிக் கருவி வாங்கும் பணம் இப்போதைக்கு வீண். டேஷ்போர்டில் ஒரு பழைய போனில் ஓஸ்மஆண்டைப் போட்டு, ஒதுக்க வேண்டிய தெருக்களையும் நிறுத்துமிடங்களையும் வீட்டில் உட்கார்ந்து பதிந்துகொள்ளலாம். பொன்னேரிக்கரையோ வெள்ளை கேட்டோ வரும்வரை அது மட்டுமே போதும். ஊருக்குள் நுழைந்ததும் கூடவே கிளீனர் கையில் உள்ள போனில் கூகுளின் சிவப்புக் கோடுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய காஞ்சிபுரத்துக்கும் சின்ன காஞ்சிபுரத்துக்கும் நடுவே பஸ்ஸை ஓட்டிக்கொண்டு திரிவதைவிட, ஓரமாக நிறுத்திவிட்டு ஆட்டோ பிடிப்பது மலிவு. "பஸ்ஸு உள்ள போவாதுங்க, இங்கயே ஓரங்கட்டுங்க" என்று ஆட்டோக்காரர் சொன்னால், அதில் அவருடைய சவாரிக் கணக்கும் இருக்கும்தான். தெருவின் அகலத்தைப் பற்றி அவர் சொல்வது என்னவோ பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.